உன் அம்மாவுக்கு யோர்க்ஷயர் புடிங் தெரியும்

தம்பி,

இன்று காலை ஒன்பது மணியளவில், தேநீர் குடித்து முடித்த பிறகு, உன் அம்மா என்னிடம் சொன்னது இது: "நான் அந்த வீட்டுக்கு இனி ஒண்டும் தெரியாத மனிசியாப் போகமாட்டன். அவன் உள்ளதைச் சொல்லட்டும், வாறன். சொல்லாட்டி நீங்கள் மட்டும் போட்டு வாங்கோ." அவளே சொன்னாள், நான் நேரில் கேட்டேன். கோபத்தில் வந்த பேச்சாக இருக்குமோ என்று அரை மணி நேரம் கழித்து, அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது, மறுபடியும் கேட்டேன். அதையே சொன்னாள். ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆகவே இதை உறுதியான செய்தியாகவே உனக்கு எழுதுகிறேன். அந்த வீடு என்று அவள் சொன்னது கர்க்லாண்டில் இருக்கும் ஹன்னாவின் பெற்றோரின் வீட்டை. வருகிற வருடம் நீ மருமகனாகப் போகப்போகிற வீடு.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். தாங்ஸ்கிவிங் விருந்துக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை, நான் எடுத்தபோது நீ நாலு நிமிடம் பேசிவிட்டு, "பேந்து கதைப்பம் அப்பா, மீட்டிங் ஒண்டு" என்று வைத்துவிட்டாய். எட்டு நாளாகிறது, அந்தப் பேந்து இன்னும் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நீ தமிழை மெதுவாகத்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். மெதுவாக வாசிப்பது இந்த விஷயத்தில் உனக்கு நல்லது. முப்பது வருடம் இந்த மொன்றியல் நகரத்துத் தமிழ்ப் பத்திரிகைக்குச் செய்தி எழுதியவன் நான். நடந்தது எது, யார் சொன்னது, இன்னும் தெரியாதது எது என்று பிரித்துத்தான் எனக்கு எழுத வரும். எனக்குக் கோபம் இருக்கிறது. அதை நீ வரிகளுக்கிடையில் தேடிக்கொண்டிருக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தாங்ஸ்கிவிங் திங்கட்கிழமைக்கு நாலு நாள் முன்பு யார் எதைச் செய்வது, எதைக் கொண்டுவருவது என்று நீ வட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினாய். அந்த வீட்டு இலையுதிர்காலச் சாப்பாட்டைப் பற்றி நீ எங்களுக்கு முன்பே சொல்லியிருந்தாய். ஹன்னாவின் தாய் ஜூடித் இங்கிலாந்துக்காரி. அவர் பிறந்த ஊரில் தாங்ஸ்கிவிங் என்று ஒரு அறுவடை விருந்தே கிடையாது. தகப்பன் டேல் அமெரிக்கர். அவருக்கு அது நவம்பரில் வரவேண்டியது. இரண்டு பேரும் மொன்றியலுக்கு வந்து கல்யாணம் செய்து, இந்த நாட்டு வழக்கப்படி ஒக்ரோபரில் ஒரு சாப்பாடு, அதில் பாதி தாயுடையது பாதி தகப்பனுடையது என்று உடன்பாட்டுக்கு வந்திருக்கிறார்கள். பட்டியலும் அப்படித்தான் இருந்தது. டேலின் பக்கத்தில் வான்கோழி, மேலே மார்ஷ்மலோ மிட்டாய் உருக்கிய வற்றாளங்கிழங்கு, கிரான்பெரி சோஸ், மாவுக்குள் பூசணிக்காய் வைத்துச் சுடும் பை. ஜூடித்தின் பக்கத்தில் கொதிக்கும் எண்ணெயில் மாவை ஊற்றி ஓவனில் பொங்கவைக்கும் யோர்க்ஷயர் புடிங், சேஜ் இலையும் வெங்காயமும் போட்டு வான்கோழிக்குள் அடைக்கும் பாண் ஸ்டஃபிங், பாலில் பாணையும் கராம்பையும் போட்டுக் காய்ச்சும் வெள்ளைச் சோஸ், பொரித்த உருளைக்கிழங்கு. ஹன்னாவின் தம்பிக்கு வைன். உனக்கும் ஹன்னாவுக்கும் சாலட். கடைசி வரியில் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம்: அப்பா அம்மா, ஐஸ்.

சம்பந்தி வீட்டுக்கு முதன்முதலாகப் போகும்போது நாங்கள் என்ன கொண்டுபோவோம் என்று உனக்குத் தெரியாமல் இல்லை. உன் அம்மா பயத்தம் பணியாரத்துக்குப் பயறு வறுத்துவிட்டாள். நீ அன்று மாலை அவளை அழைத்து, "அம்மா, பலகாரம் ஒண்டும் வேண்டாம். மேசையில இடமில்லை. ஐஸ் மட்டும் கொண்டுவாங்கோ, காணும்" என்றாய். அவள் சிரித்துக்கொண்டு, "ஐஸைச் சுடுறதோ தம்பி, அவிக்கிறதோ?" என்று கேட்டாள். நீயும் சிரித்தாய். நானும் பக்கத்தில் இருந்து சிரித்தேன். திங்கட்கிழமை நண்பகல் லாசாலில் எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள டெப்பனர் மூலைக்கடையில் இரண்டு பை ஐஸ் வாங்கி, நல்ல சேலை உடுத்திய உன் அம்மா அவற்றை உன் காரின் பின்சீற்றில் தன் காலடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

அந்தக் காரில் நீ சொன்னதையும் எழுதிவிடுகிறேன். "அம்மா, ஒண்டு சொல்லுறன், கோவிக்காதேங்கோ. அங்க குசினிக்குள்ள போகாதேங்கோ. நீங்கள் விருந்தாளி. இருந்து சாப்பிடுங்கோ." அவள் கேட்டாள்: "ஏன், நான் போனா குசினி உடைஞ்சிடுமோ?" நீ, "அப்பிடியில்லை அம்மா, அவைக்கு அது பழக்கமில்லை" என்றாய். நெடுஞ்சாலையில் வாகன நெரிசல். பேச்சு அதோடு நின்றுவிட்டது.

அங்கே நடந்ததை நீ வேறு மாதிரி நினைவில் வைத்திருக்கக்கூடும். நான் பார்த்ததைச் சொல்கிறேன். அந்த வீட்டில் குசினிக்கும் இருக்கும் அறைக்கும் இடையில் சுவர் இல்லை. எங்களை உட்காரவைத்த சோபாவிலிருந்து ஓவன் நேராகத் தெரிந்தது. வான்கோழியை வெளியே எடுத்து ஆறவைத்திருந்தார்கள். ஓவனின் மேல்தட்டில் வற்றாளங்கிழங்கு. ஜூடித் குழிகள் உள்ள தட்டு ஒன்றை எடுத்து எண்ணெய் விட்டு, கொஞ்சநேரம் சூடாக்கி, புடிங் மாவை ஊற்றிக் கீழ்த்தட்டில் வைத்தார். "எண்ணெய் புகையேல்லை," என்று உன் அம்மா எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். நான் டேலுடன் பனிக்காலத்து டயர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு நிமிடமானபோது டேல் எழுந்துபோய் மார்ஷ்மலோ பக்கெற்றை எடுத்தார். கிழங்குக்கு மேல் அதைக் கடைசி நேரத்தில் அடுக்கினால்தான் கருகாமல் உருகுமாம். அதற்கு ஓவனைத் திறக்க வேண்டும். உன் அம்மா எழுந்துவிட்டாள். குசினியின் விளிம்புவரை போய், ஆங்கிலத்தில், "கொஞ்சம் பொறுங்கள், தயவுசெய்து" என்றாள்.

அந்த இடத்தில் நீ இருந்தாய். வைன் போத்தலைத் திறந்துகொண்டிருந்தாய். "அம்மா, நீங்கள் வந்து இருங்கோ" என்று தமிழில் அவளிடம் சொன்னாய். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில், சிரித்துக்கொண்டு, "அம்மாவுக்கு இந்தப் பெரிய ஓவன்களைக் கண்டால் கொஞ்சம் பயம்" என்றாய்.

இந்த வசனத்தை நான் ஒன்பது நாளாக வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதை நீ யோசித்துச் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். யோசிக்காமல் வாயில் வந்தது என்றால், அது உன்னிடம் முன்பே தயாராக இருந்தது என்றுதான் அர்த்தம். டேல் ஓவனைத் திறந்து, தன் தாய் செய்வதுபோல மார்ஷ்மலோக்களை ஒவ்வொன்றாக வரிசை பிடித்து அடுக்கினார். கதவு ஒரு நிமிடத்துக்கு மேல் திறந்தே இருந்தது. உன் அம்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். புடிங் மேசைக்கு வந்தபோது பன்னிரண்டும் செருப்பின் அடியைப்போலத் தட்டையாக இருந்தன. ஜூடித்தின் முகம் சிவந்துவிட்டது. "ஒவ்வொரு வருடமும் இதுதான் நடக்கிறது, அவருடைய கிழங்கு வெல்கிறது, என்னுடைய புடிங் தோற்கிறது" என்று பகிடியாகச் சொன்னார். குரலில் பகிடி இல்லை. பிறகு உன் அம்மாவின் பக்கம் குனிந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, "இது பொங்கிக் கிண்ணம்போல எழும்ப வேண்டியது. உங்களுடைய பூரி இருக்கிறதே, அதுபோல" என்று விளக்கினார். உன் அம்மா, "ருசி நன்றாக இருக்கிறது" என்றாள்.

அதற்குப் பிறகுதான் ஜூடித் சொன்னார், எங்கள் சாப்பாடு எல்லாம் உங்களுக்குப் புதிது என்று உங்கள் மகன் சொன்னான், அதனால்தான் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்தேன், பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள் என்று. அடுத்த கேள்வி: "நீங்கள் சுகாதாரத் துறை அலுவலகத்தில் வேலை பார்த்தீர்களாமே?" உன் அம்மா உன்னைப் பார்த்தாள். நீ கிரான்பெரி சோஸைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவள் தலையை ஆட்டினாள். எனக்குத் தெரிந்து அவள் சொன்ன முதல் பொய் அது. அதுவும் அவளுடையதல்ல, உன்னுடையது.

ஜூடித்திலும் டேலிலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. தங்களுக்குச் சொல்லப்பட்டதை நம்பி, அதற்கேற்ற மரியாதையோடு நடந்தார்கள். சொன்னவனிடம்தான் என் கேள்வி.

உனக்குத் தெரிந்ததையே உனக்கு எழுதவேண்டியிருப்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். உன் அம்மா பத்தொன்பது வருடம் வெஸ்ட் ஐலண்டில் ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் வேலை செய்தாள். முதல் இரண்டு வருடம் பாத்திரம் கழுவினாள். பிறகு மரக்கறி வெட்டினாள். பிறகு சமைத்தாள். கடைசி எட்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடும் பண்டிகைச் சாப்பாடும் முழுக்க அவள் பொறுப்பு. லாசாலிலிருந்து விடிய முதல் பஸ்ஸில் போய், இரண்டு பஸ் மாறி, ஆறரைக்கு ஓவனை மூட்டுவாள். அவள் உயரத்தைவிட உயரமான ஓவன்.

அந்த இல்லத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் அல்லது வந்தவர்களின் பிள்ளைகள். நாலைந்து பேர் அமெரிக்கர்கள். ஒவ்வொரு ஒக்ரோபரும் சண்டை. ஒரு கிழவி தடியால் மேசையைத் தட்டி, புடிங் இல்லாத தட்டை எனக்கு முன்னால் வைக்காதே என்பாராம். எதிர் மேசையில் இருந்த அமெரிக்கர், முன்னாள் கப்பல்காரர் ஒருவர், மாட்டிறைச்சியோடு வைக்கவேண்டிய புடிங்கை வான்கோழிக்குப் பக்கத்தில் வைப்பது மாட்டிறைச்சிக்குச் செய்யும் துரோகம், ஸ்டஃபிங்தான் வேண்டும், கிழங்கும் மார்ஷ்மலோவும் வேண்டும் என்பாராம். அவள் சமையலுக்கு வந்த முதல் வருடம் உன் அம்மா இரண்டையும் ஒன்றாக ஓவனில் வைத்து, டேல் செய்த அதே பிழையைச் செய்தாள். மார்ஷ்மலோவுக்காகக் கதவைத் திறந்தாள். எழுபது புடிங்கும் அமுங்கிப்போயின. அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தாள். உனக்கு அப்போது ஆறு வயது.

அடுத்த வருடத்துக்குள் அவள் ஒழுங்கைக் கண்டுபிடித்துவிட்டாள். கிழங்கையும் மார்ஷ்மலோவையும் முதலில் முடித்து வெளியே எடுத்து மூடிவைக்க வேண்டும். வான்கோழி ஆறுகிற நேரத்தில் ஓவனை ஆகக்கூடிய சூட்டுக்கு ஏற்ற வேண்டும். தட்டில் எண்ணெய் புகைய வேண்டும். அதற்குப் பிறகு மாவு, இருபது நிமிடம் யாரும் கதவைத் தொடக் கூடாது. இதைத் தமிழில் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டினாள். அவளோடு வேலை செய்த ஹெயிற்றிக்காரிக்குத் தமிழ் தெரியாது. அவள் அந்தத் தாளின் கீழே ஓவன் ஒன்றை வரைந்து அதன் கதவில் ஒரு பூட்டும் வரைந்துவிட்டாள். கப்பல்காரருக்கும் தடிக்காரக் கிழவிக்கும் உன் அம்மா கண்டுபிடித்த தீர்வு அதைவிட நல்லது. சேஜும் வெங்காயமும் போட்ட ஸ்டஃபிங்கை உருண்டையாக்கி, பொங்கிய புடிங்கின் குழிக்குள் வைத்து, மேலே வான்கோழிக் கிரேவியை ஊற்றிக் கொடுத்தாள். பூசணிக்காய் பைக்கு அமெரிக்கர் கேட்ட கிரீம் ஒரு பக்கம், இங்கிலாந்துக்காரர் கேட்ட சூடான கஸ்ரட் ஒரு பக்கம். அதற்குப் பிறகு அந்த இல்லத்தில் ஒக்ரோபரில் சண்டை இல்லை. ஜூடித்தும் டேலும் முப்பது வருடமாகத் தீர்க்காத வழக்கை உன் அம்மா ஒரு வருடத்தில் தீர்த்தாள். தீர்த்தவள் பத்தடி தூரத்தில் சோபாவில் உட்கார்ந்திருந்தாள், ஓவனுக்குப் பயந்தவளாக.

இதெல்லாம் உனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. மிஞ்சிய புடிங்கை அவள் வீட்டுக்குக் கொண்டுவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் நீ வாசலில் நின்று பையைப் பறிப்பாய். அதற்குள் கணவாய்க் கறி விட்டு, கறி ஊறுவதற்குள் சாப்பிடவேண்டும் என்று எனக்கே பாடம் எடுப்பாய். ஒருமுறை எட்டு சாப்பிட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாய். அந்த வாயால் எப்படியடா சொன்னாய், அவர்கள் சாப்பாடு அம்மாவுக்குப் புதிது என்று?

உன் பக்கத்தையும் எழுத வேண்டும். செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் நீ சொன்னதை நான் அப்போதே குறித்துவைத்தேன். "அப்பா, நான் அம்மாவைக் காப்பாத்தத்தான் அப்பிடிச் சொன்னனான். சமையல்காரி எண்டு தெரிஞ்சா, அவை அவவைக் குசினியிலதான் விடுவினம். நாங்கள் மேசையில இருந்து சாப்பிட, அம்மா அங்க நிண்டு வேலை செய்வா. அதை என்னால பாக்க ஏலாது." இதில் உண்மை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அப்படி நடக்கிற வீடுகள் உண்டு, நானே பார்த்திருக்கிறேன். உனக்கு அவளில் பாசம் இல்லாமல் நீ இதைச் செய்யவில்லை என்பதும் எனக்கு விளங்குகிறது. ஆனால் நீ சொன்னதை உன் அம்மாவுக்குச் சொன்னபோது அவள் கேட்டது இது: "சமைச்சா வேலைக்காரியோ? அண்டைக்கு முழுக்க ஜூடித் தானே நிண்டு சமைச்சவ. அப்ப அவவும் வேலைக்காரியோ?"  உனக்குப் பதில் தெரிந்தால் அவளுக்கு நேரே சொல்.

இனி எழுதப்போவது எனக்கு எளிதல்ல. அந்தச் சுகாதாரத் துறையை நீ எங்கிருந்து எடுத்தாய் என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் நினைவு வந்தது. நீ பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போக விண்ணப்பித்த வருடம், இந்த மேசையில் இருந்துதான் படிவம் நிரப்பினோம். பிரெஞ்சில் இருந்த கேள்விகளை நீ வாசித்துச் சொல்லச் சொல்ல, நான் பதில் சொன்னேன். "அப்பா, தாயின் தொழில் எண்டு கேட்டிருக்கு. என்ன எழுதுறது, குக் எண்டு எழுதட்டோ?" என்றாய். நான் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "சுகாதாரத் துறை எண்டு எழுது. முதியோர் இல்லம் அதுக்குக் கீழதானே வருது" என்றேன். உன் அம்மா அப்போது அடுப்படியில் நின்றாள். அவளுக்குக் கேட்டிருக்கும். நீ அதை எழுதினாய்.

அதற்கு முன்பும் பின்பும் நான் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். கோயில் மண்டபத்தில், கல்யாண வீடுகளில், பத்திரிகை விழாவில், மனைவி என்ன செய்கிறார் என்று கேட்டால், ஹெல்த் கெயர் என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவேன். ஊரில் கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவரின் மகள், இங்கே வெள்ளைக்காரக் கிழவர்களுக்கு வான்கோழி சுடுகிறாள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அமைச்சர்களின் பொய்யைக் கண்டுபிடித்து எழுதியவன், நகரசபைக் கணக்கில் ஒரு வரி பிழை என்றால் விடாதவன், என் வீட்டைப் பற்றி இருபது வருடம் பிழையான செய்தி கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் ஓய்வுபெற்ற அன்று இல்லத்தில் அவளுக்கு ஒரு மதியச் சாப்பாடு வைத்தார்கள். என்னை அழைத்திருந்தார்கள். கோயில் நிர்வாகசபைத் தேர்தலுக்குச் செய்தி எடுக்கப் போகவேண்டும் என்று நான் போகவில்லை. அவர்கள் கொடுத்த கேக்கை அவள் மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறித் தனியே வந்தாள். தேர்தலில் யார் வென்றது என்று எனக்கு இப்போது நினைவில்லை.

ஆகவே நீ செய்தது உன் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. என்னிடமிருந்து நீ எடுத்தது. அதனால் உன் குற்றம் குறைகிறது என்று நினைக்காதே. எனக்கு அந்தப் பொய்யைச் சொல்லும்போது ஊர் வெட்கம் என்ற ஒரு சாக்கு இருந்தது. நீ இந்த நாட்டில் பிறந்தவன். ஜூடித்துக்கும் டேலுக்கும் ஒரு சமையல்காரியின் மகன் என்று உன்னைச் சொல்வதில் ஒரு தடையும் இல்லை. அவர்கள் வீட்டில் அவர் பக்கத்துச் சோஸா இவள் பக்கத்துச் சோஸா என்று சண்டைபிடிக்கிற அளவுக்குச் சமையலுக்கு மதிப்பு உண்டு. உன் அம்மாவைப் பற்றிய உண்மை அந்த மேசையில் அவளுக்கு ஒரு இடத்தை வாங்கிக் கொடுத்திருக்கும். நீ அதை எடுத்து மறைத்துவிட்டு, அவள் கையில் ஐஸைக் கொடுத்தாய்.

நான் கேட்பதைப் பிழையாக விளங்கிக்கொள்ளாதே. அந்த மேசையில் சோறும் கறியும் வைக்கவில்லையே என்று நான் குறைசொல்லவில்லை. அது அவர்களுடைய வீடு, அவர்களுடைய பண்டிகை. அவர்கள் தங்கள் இரண்டு நாட்டுச் சாப்பாட்டையும் ஒரே ஓவனுக்குள் அடக்கப் படும் பாட்டைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. நாளைக்கு உன் வீட்டிலும் அந்தப் பாடு இருக்கும். ஹன்னாவுக்கு இரண்டு பக்கம், உனக்கு ஒரு பக்கம், ஓவன் ஒன்றுதான். எது முதலில் போகவேண்டும், எதற்காகக் கதவைத் திறக்கக் கூடாது என்று நீங்கள் இரண்டு பேரும் சண்டைபிடிப்பீர்கள். பிடியுங்கள். ஆனால் அந்தச் சண்டையில் உன் பக்கத்துப் பொருள் எது என்று உண்மையாகச் சொல்லாமல் உட்காராதே. என் மனைவி ஒரு கேள்விக்கு என் பொய்யைக் காப்பாற்றத் தலையாட்டியதை நான் பார்க்காமல் விட்டது எத்தனை தரம் என்று எனக்குத் தெரியாது. ஹன்னா உன் பொய்க்காகத் தலையாட்டும் நாள் வர வேண்டாம். அவளுக்கும் நீ அலுவலகம் என்றுதான் சொல்லியிருக்கிறாயா, அல்லது அவளுக்கு உண்மை தெரியுமா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டே அன்று பேசாமல் இருந்தாள் என்றால் அது வேறு கதை, அதை நீங்கள் இரண்டு பேரும் பேச வேண்டும்.

இதுவரை எழுதியதை உன் அம்மாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். இரண்டு வசனங்களை அடித்தாள். இரண்டும் உன்னைத் திட்டியவை. "அவ்வளவு வேண்டாம், பிள்ளை வாசிச்சிட்டு அழுவான்" என்றாள். "அழட்டும்" என்றேன். "நீங்கள் அழுதனீங்களோ?" என்று கேட்டாள். நான் பேனையை அவளிடமே விட்டேன். ஓவனுக்குப் பயம் என்று நீ சொன்ன இடத்தை அவள் அடிக்கவில்லை. அதில் விரலை வைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

இன்னும் முடிவாகாதவை இவை. டேல் இந்த வருடம் தன் நாட்டு முறைப்படி நவம்பரில் இன்னொரு தாங்ஸ்கிவிங் வைக்கிறார். அன்று கல்யாணத் திகதியும் பேசலாம் என்று ஜூடித் எங்கள் இரண்டு பேருக்கும் எழுதியிருக்கிறார். கடையில் வான்கோழிக்குச் சொல்ல வேண்டியிருப்பதால் எங்களில் எத்தனை பேர் வருவோம் என்று வெள்ளிக்கிழமை நண்பகலுக்கு முன் கேட்டிருக்கிறார். நீ அவர்களிடம் உள்ளதைச் சொல்வாயா, எப்போது சொல்வாய் என்பது எனக்குத் தெரியாது. நீ சொல்லிவிட்டேன் என்று எனக்குச் சொன்னால் மட்டும் நான் அதை உறுதி என்று எடுக்கமாட்டேன். ஜூடித் உன் அம்மாவை அழைத்துப் பேச வேண்டும். ஜூடித்துக்கு என்ன பதில் எழுதட்டும் என்று இன்று மத்தியானம் உன் அம்மாவைக் கேட்டேன். "ஒராள் எண்டு எழுதுங்கோ" என்றாள். நான் இன்னும் எழுதவில்லை. இன்று புதன்கிழமை.

அப்பா